ஒய்″ + 4·எக்ஸ்ப்(ஒய்) = 0, இரண்டு முனையிலும் பூஜ்ஜியம்: என் கோட் தப்பா, தீர்வே இல்லையா?

அரைத்தூக்கம்:

மூன்று நாளாக ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எக்ஸ் 0-இலிருந்து 1 வரை, சமன்பாடு ஒய்″ + லாம்டா·எக்ஸ்ப்(ஒய்) = 0 (எக்ஸ்ப்(ஒய்) என்றால் 2.718-இன் ஒய் அடுக்கு, லாம்டா நாமே கொடுக்கும் ஒரு எண்), எல்லை நிபந்தனைகள் ஒய்(0) = 0, ஒய்(1) = 0. (தனக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கும் ஒரு தட்டை இரண்டு பக்கமும் குளிர்ச்சியாக வைத்திருந்தால் உள்ளே வெப்பநிலை எங்கே போய் நிலைகொள்ளும் என்பதுதான் பின்னணி.) லாம்டாவுக்கு 1, 3, 3.5, 4 என்று நான்கு மதிப்பு கொடுத்து, எண்முறையில் தீர்த்து வரைபடம் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

1-க்குச் சட்டென்று வந்துவிட்டது. 3-க்கும் வந்தது, நடுவில் உயரம் 0.64. 3.5-க்கு நியூட்டன் முறை (ஓர் ஊகத்தில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டு போவது) கொஞ்சம் திணறி, கடைசியில் 1.09-இல் போய் நின்றது. 4 போட்டால்தான் தலைவலி. ஒரு சுற்றில் மதிப்புகள் இறங்குகின்றன, அடுத்த சுற்றில் எகிறுகின்றன, அப்புறம் ஜேக்கோபியன் சிங்குலர் (ஒவ்வொரு சுற்றிலும் தீர்க்க வேண்டிய அணிக்கு நேர்மாறு இல்லை) என்று செய்தி வந்து நின்றுவிடுகிறது. மெஷ்ஷில் இருந்த 100 புள்ளிகளை 1000 ஆக்கினேன், 5000 ஆக்கினேன், தொடக்க ஊகத்தை மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். எக்ஸ்ப்(ஒய்) மாதிரி சாதுவான சார்பு வேறு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடலாம். பிக்கார் தேற்றப்படி தீர்வு இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அப்படியானால் கோடில்தான் பிழை இருக்க வேண்டும், இல்லையா? பொறுப்பாசிரியரிடம் கேட்டதற்கு "மெஷ்ஷை இன்னும் நெருக்கமாக்கு" என்பதோடு முடிந்துவிட்டது.

---

எறிகணை:

கோடை விடுங்கள், அது பாவம், சரியாகத்தான் வேலை செய்கிறது. பிக்கார் தேற்றத்தை அது எழுதப்படாத இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

அந்தத் தேற்றம் தொடக்க மதிப்புக் கணக்குக்கு உரியது. ஒரே புள்ளியில் ஒய் இவ்வளவு, ஒய்′ இவ்வளவு என்று இரண்டையும் கொடுத்துவிட்டால் அங்கிருந்து பாதை ஒன்றுதான், அதுவும் அந்தப் புள்ளியின் பக்கத்தில் கொஞ்ச தூரத்துக்கு. உங்களிடம் இருப்பது வேறு சரக்கு. 0-இல் ஒய் தெரியும், சாய்வு தெரியாது. அதற்குப் பதிலாக 1-இல் ஒய் எங்கே வந்து விழ வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். குழாயை எந்தச் சாய்வில் தூக்கினால் குண்டு குறியில் விழும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு பாதை உண்டு என்று பிக்கார் சொல்கிறார், ஆனால் ஏதாவது ஒரு சாய்வு குறியைத் தொடும் என்று அவர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

எக்ஸ்ப்பையே தூக்கி எறிந்துவிட்டு ஒய்″ + ஒய் = 0 எடுத்துக்கொள்ளுங்கள், இதைவிட எளிய இரண்டாம் வரிசைச் சமன்பாடு எங்கே கிடைக்கும். ஒய்(0) = 0 என்றால் தீர்வு சாய்வு × சைன் எக்ஸ். இப்போது மறுமுனையை பை-யில் வையுங்கள். சைன் பை பூஜ்ஜியம், ஆகவே நீங்கள் 1 சாய்வில் சுட்டாலும் சரி, 1000 சாய்வில் சுட்டாலும் சரி, குண்டு அதே இடத்தில்தான் விழும். ஒய்(பை) = 1 கேட்டால் தீர்வே கிடையாது. ஒய்(பை) = 0 கேட்டால் எல்லாச் சாய்வும் தீர்வு. முனையை பை/2-க்கு இழுத்து ஒய்(பை/2) = 1 கேட்டால் ஒன்றே ஒன்று. சமன்பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, இடைவெளியின் நீளமும் கேட்ட மதிப்பும்தான் மாறின.

வலப்பக்கத்தில் ஏதாவது சேர்த்தால் இன்னும் வேடிக்கை. ஒய்″ + ஒய் = 1, 0-இலும் பை-யிலும் பூஜ்ஜியம்: தீர்வு இல்லை. ஒய்″ + ஒய் = காஸ் எக்ஸ், அதே எல்லை: எண்ணற்ற தீர்வுகள், (எக்ஸ்/2)·சைன் எக்ஸ் என்பதோடு சைன் எக்ஸை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். என்ன வித்தியாசம் என்றால், வலப்பக்கத்தை சைன் எக்ஸால் பெருக்கி 0 முதல் பை வரை தொகையிட்டுப் பாருங்கள். காஸுக்கு பூஜ்ஜியம் வரும், 1-க்கு 2 வரும். பூஜ்ஜியம் வந்தால்தான் தீர்வு. ஃபிரெட்ஹோம் மாற்று என்று பெரிய பெயரில் பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான்.

---

முன்வரிசை:

இவ்வளவு நீளம் தேவையில்லை. எக்ஸ்ப்(ஒய்) எல்லா ஒய்-க்கும் சேர்த்து லிப்ஷிட்ஸ் (ஒய் மாறுவதைப் போல ஒரு நிலையான மடங்குக்குள், அதாவது மாறிலிக்குள், சார்பின் மாற்றம் அடங்குவது) கிடையாது, வளர்ச்சிக்கு வரம்பே இல்லை, அதனால்தான் பிரச்சினை. லிப்ஷிட்ஸ் இருந்திருந்தால் தீர்வு இருந்தே ஆக வேண்டும்.

---

எறிகணை:

இல்லை நண்பரே, மேலே உள்ள ஒய்″ = −ஒய் லிப்ஷிட்ஸ்தான், மாறிலி 1. அதுவே பை-யில் கவிழ்கிறது.

சரியான கூற்று இது: ஒய்″ = எஃப்(எக்ஸ், ஒய்), லிப்ஷிட்ஸ் மாறிலி கே, இடைவெளி நீளம் எல் என்றால், கே × எல்² < பை² ஆக இருக்கும்வரை தீர்வு உண்டு, அதுவும் ஒன்றே ஒன்று. சாதாரண அதிகபட்ச நார்மை (சார்பின் அளவை அளக்கும் கோலை) வைத்துக்கொண்டு பிக்கார் சுற்றுகளைப் போட்டால் கிரீன் சார்பிலிருந்து (ஒய்″-ஐத் தொகையிட்டு எல்லைக்குப் பொருந்தும் ஒய்-யைத் தருவது) எல்²/8 வரும், ஆக கே × எல்² < 8 வரைதான் போக முடியும். சைனை எடையாக வைத்து நார்மை மாற்றினால் அந்த 8-இன் இடத்தில் பை² வந்துவிடும், அதாவது 9.87. அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடப் போக முடியாது, கே = 1, எல் = பை என்ற நம் உதாரணம் சரியாக வேலிமேல் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

---

முன்வரிசை:

ஆமாம், நீளத்தை மறந்துவிட்டேன். வாபஸ்.

---

அரைத்தூக்கம்:

சரி, தீர்வு இல்லாமல் இருக்கலாம் என்பது புரிகிறது. ஆனால் என் லாம்டா = 4-க்கு நிஜமாகவே இல்லை என்று எப்படிச் சொல்வது? எல்லாச் சாய்வையும் சுட்டுப் பார்த்து முடிக்க முடியாதே. "சால்வர் வரமாட்டேன் என்கிறது, ஆகவே இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் என்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள்.

---

சாக்பீஸ்:

இதற்குக் கணினியே வேண்டாம் தம்பி, ஐந்து வரி போதும். ஒரு தாள் எடுத்துக்கொள்.

தீர்வு ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒய்″ = −லாம்டா·எக்ஸ்ப்(ஒய்), எப்போதும் எதிர்மறை, ஆகவே வளைவு கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். முனைகளில் பூஜ்ஜியம், எனவே உள்ளே எங்கும் ஒய் நேர்மறை. இப்போது சமன்பாட்டை சைன்(பை·எக்ஸ்) கொண்டு பெருக்கி 0 முதல் 1 வரை தொகையிடு. பகுதி பகுதியாக இரண்டு தடவை தொகையிட்டால் முனைகளில் வரும் உறுப்புகள் எல்லாம் தாமாகவே போய்விடும், ஏனென்றால் அங்கே ஒய்-யும் பூஜ்ஜியம், சைனும் பூஜ்ஜியம். மிஞ்சுவது: பை² × (ஒய்·சைனின் தொகை) = லாம்டா × (எக்ஸ்ப்(ஒய்)·சைனின் தொகை).

கடைசியாக ஒரு சின்னத் தந்திரம். எக்ஸ்ப்(ஒய்) வளைவுக்கு ஒய் = 1-இல் ஒரு தொடுகோடு போடு. அது மூலப்புள்ளி வழியாகப் போகும், வளைவு எப்போதும் அதற்கு மேலேயே இருக்கும். அதாவது எக்ஸ்ப்(ஒய்) ≥ 2.718·ஒய். இதை வலப்பக்கத்தில் போட்டால் பை² × தொகை ≥ லாம்டா × 2.718 × அதே தொகை. தொகை நேர்மறை, ஆகவே அடித்துவிடலாம். லாம்டா ≤ 9.8696/2.7183, அதாவது சுமார் 3.63.

உன் 4 அதற்கு மேலே. தீர்வு இல்லை, முடிந்தது. மெஷ்ஷை ஐந்தாயிரமில்லை, ஐந்து கோடி ஆக்கினாலும் வராது.

இல்லாததைக் காட்டினால் மட்டும் போதாது, இருப்பதையும் காட்டத் தெரிய வேண்டும். அதற்கு மேல்தீர்வு, கீழ்த்தீர்வு என்று ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. சமன்பாட்டைச் சரியாக நிறைவேற்றாத, ஆனால் சரியான பக்கமாகத் தவறுகிற இரண்டு சார்புகளைக் கண்டுபிடித்து, ஒன்று கீழே ஒன்று மேலே என்று வைத்துவிட்டால், நடுவில் நிஜத் தீர்வு ஒன்று மாட்டியே ஆக வேண்டும். இங்கே கீழ்த்தீர்வாக வெறும் பூஜ்ஜியமே போதும். மேலே 4·எக்ஸ்·(1 − எக்ஸ்) என்ற பரவளையத்தை வை. அதன் இரண்டாம் வகைக்கெழு −8, உச்சம் 1. ஆகவே 8 ≥ லாம்டா × 2.718 ஆக இருந்தால் அது மேல்தீர்வு. லாம்டா 2.94 வரை தீர்வு உண்டு என்று கணினியைத் தொடாமலே சொல்லியாயிற்று. உன் 3 மயிரிழையில் இதற்குள் வராமல் போய்விட்டது, அதற்குக் கொஞ்சம் நல்ல பரவளையம், இல்லை, பரவளையமே அல்லாத ஒன்று வேண்டும்.

2.94-க்கும் 3.63-க்கும் நடுவில் எங்கேயோ கோடு விழுகிறது. இந்தச் சமன்பாட்டுக்கு நேரடியாகவே விடை எழுத முடியும் என்பதால் அந்த இடத்தையும் சொல்லிவிடலாம்: 3.5138.

---

கோணல்கோடு:

சாக்பீஸ் சார் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன், கோட் எழுதுகிறவர்களுக்கு இது உதவும். மெஷ்ஷை நெருக்கமாக்காமல், மாறாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு மோசமாக்குங்கள். நடுவில் ஒரே ஒரு புள்ளி, எக்ஸ் = 1/2. அங்கே உயரம் எச் என்றால் வேறுபாட்டுச் சமன்பாடு 8·எச் = லாம்டா·எக்ஸ்ப்(எச்) ஆகிவிடும். ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் வளைவு, தாளில் வரைந்து பாருங்கள். லாம்டா சின்னதாக இருந்தால் கோடு வளைவை இரண்டு இடத்தில் வெட்டும். லாம்டாவை ஏற்ற ஏற்ற இரண்டு வெட்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, 2.94-இல் தொட்டுக்கொண்டு, அப்புறம் வளைவு கோட்டை விட்டு எழும்பிப் போய்விடும். உண்மையான எண் 3.51, ஆனால் நடக்கிற நாடகம் அச்சு அசல் இதுதான்.

அரைத்தூக்கம், இங்கே நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இரண்டு வெட்டு என்றேன் அல்லவா? உங்கள் லாம்டா = 3-க்கு இரண்டு தீர்வு இருக்கிறது. உங்களுக்கு வந்தது கீழே உள்ளது. 0-இல் சாய்வு 2.32-க்குப் பதிலாக 6.10 வைத்துச் சுட்டுப் பாருங்கள், நடுவில் கிட்டத்தட்ட 2 உயரத்துக்கு எழும்பி, அதுவும் சரியாக 1-இல் பூஜ்ஜியத்துக்கு வந்து இறங்கும். லாம்டா = 1-க்கு வித்தியாசம் இன்னும் பெரிது, ஒன்று 0.14 உயரம், இன்னொன்று 4.09. 3.5-க்கு இரண்டும் நெருங்கிவிட்டன: 1.09, 1.29. நியூட்டன் முறை அங்கே திணறியது அதனால்தான், இரண்டும் ஒட்டப்போகிற இடத்தில் ஜேக்கோபியன் சிங்குலர் ஆகத்தான் செய்யும். உங்கள் சால்வர் பொய் சொல்லவில்லை, அதன் பாஷையில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பௌதிகத்தில் இதற்கு அர்த்தம் இருக்கிறது. வெப்பம் கூடக்கூட வினை வேகமெடுக்கிறது, இரண்டு பக்கமும் கடத்திக்கொண்டு போகிற வெப்பத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை, நிலைகொள்ளும் வெப்பநிலை என்ற ஒன்றே இல்லை, அதாவது வெடிக்கும். சோவியத் விஞ்ஞானி ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி 1930-களின் கடைசியில் எழுதியது இந்தக் கதைதான். அவர் தட்டின் பாதித் தடிமனை நீள அலகாக எடுத்ததால் அந்தக் கணக்கில் எண் 0.88 என்று இருக்கும். 3.51-ஐ 4-ஆல் வகுத்தால் அதே, பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம்.

---

முன்வரிசை:

கேள்விக்குள் கேள்வி. வலப்பக்கம் வரம்புக்குட்பட்ட சார்பாக இருந்தால்? அப்போதாவது தைரியமாகத் தீர்வு உண்டு என்று சொல்லலாமா, இல்லை மறுபடியும் வாபஸ் வாங்க வைப்பீர்களா?

---

சாக்பீஸ்:

சொல்லலாம். எஃப் தொடர்ச்சியானது, வரம்புக்குட்பட்டது, இரண்டு முனையிலும் ஒய்-யின் மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது என்றால் குறைந்தது ஒரு தீர்வு உண்டு. கிரீன் சார்பைப் போட்டுத் தொகையீட்டுச் சமன்பாடாக மாற்று, ஷௌடரின் 1930 நிலைப்புள்ளித் தேற்றத்தை (மாற்றத்துக்கு உட்படுத்தினாலும் அப்படியே திரும்பி வரும் சார்பு ஒன்று உண்டு என்பதை) பிடி, முடிந்தது. ஒன்றே ஒன்றா என்று மட்டும் கேட்காதே, அதற்கு இந்த வழியில் பதில் கிடையாது.

எஃப்-க்குள் ஒய்′ நுழைந்து, வரம்பும் போய்விட்டால்தான் கதை மாறும். ஒய்″ = −(1 + ஒய்′²)^(3/2), ஒய்(0) = ஒய்(எல்) = 0 என்ற கணக்கைப் பார். வளைமை எங்கும் 1 என்றுதான் இது சொல்கிறது, அதாவது தீர்வு ஆரம் 1 உள்ள வட்டத்தின் ஒரு வில். விட்டம் 2. முனைகள் இரண்டுக்கும் நடுவே தூரம் 2-ஐ விடக் குறைவாக இருந்தால் வில்லை வைக்கலாம். 3 என்றால் எங்கிருந்து வைப்பாய்? காம்பஸை எடுத்து முயன்று பார், கை தானே ஒத்துக்கொள்ளாது.

இதில் கவனிக்க வேண்டியது, வட்டத்தில் ஒய் எப்போதும் 1-க்குள்ளேயே அடக்கமாக இருக்கிறது, ஆனால் சாய்வு மட்டும் தனியாக முடிவிலிக்குப் போய்விடுகிறது. இதையே ஒய்″ = −(1 + ஒய்′²) என்று இருபடியாக மாற்றினால் ஒய்′ = டேன்(சி − எக்ஸ்) என்று வரும், எல் பை-க்குக் கீழே இருந்தால்தான் தீர்வு, ஆனால் அங்கே சாய்வு வெடிக்கும்போது ஒய்-யும் கூடவே கீழே பாதாளத்துக்குப் போகிறது. இருபடி வரை சாய்வு தனியாக வெடிக்க முடியாது, ஒய்-யை இழுத்துக்கொண்டுதான் போக முடியும். பெர்ன்ஸ்டீன் 1912-இலும் நகுமோ 1937-இலும் போட்ட வளர்ச்சி நிபந்தனைகள் இந்த விஷயத்தைத்தான் பிடிக்கின்றன. ஒய்-யை மேல்தீர்வு, கீழ்த்தீர்வு கொண்டு கட்டிவிட்டாய், வளர்ச்சியும் இருபடிக்குள் இருக்கிறது என்றால் சாய்வைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

---

எறிகணை:

யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். இரண்டு சம வளையங்களை எதிரெதிரே பிடித்து நடுவில் சோப்புப் படலம் எடுப்பது தெரியும்தானே, மெதுவாக வளையங்களை விலக்கினால் படலத்தின் இடுப்பு சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டத்தில் பட்டென்று போய்விடும். அதுவும் எல்லை மதிப்புக் கணக்குதான், ஒய்·ஒய்″ = 1 + ஒய்′². வளையங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஆரத்தைப் போல 1.3255 மடங்கைத் தாண்டினால் தீர்வு கிடையாது. அதற்குக் கீழே இரண்டு தீர்வு, ஒன்று தடித்த இடுப்பு, இன்னொன்று மெலிந்த இடுப்பு. நாம் கண்ணால் பார்ப்பது தடித்ததைத்தான், மெலிந்தது நிலைக்காது.

இப்போது 1.3255-ஐப் பாதியாக்கி, இருமடியாக்கி, 8-ஆல் பெருக்குங்கள்.

---

கோணல்கோடு:

0.66275... இருமடி 0.43924... எட்டு மடங்கு 3.5139. அடேயப்பா.

---

எறிகணை:

கடைசி இலக்கம் தள்ளிப்போனது 1.3255-ஐ நான்கு இலக்கத்தோடு நிறுத்தியதால். தற்செயல் இல்லை. இரண்டு கணக்குகளிலும் கடைசியில் எஸ் / காஷ் எஸ் (காஷ் என்பது ஹைபர்பாலிக் கோசைன்) என்ற ஒரே சார்பின் உச்சத்தைத் தேட வேண்டியிருக்கிறது, அது எஸ் = 1.1997-இல் வருகிறது, உச்ச மதிப்பு 0.6627. தட்டு வெடிப்பதும் படலம் அறுவதும் தாளில் ஒரே மேடுதான்.

---

அரைத்தூக்கம்:

நேற்று ராத்திரி சும்மா இருக்க முடியவில்லை. லாம்டா = 4 வைத்து, சாய்வை 0-இலிருந்து 20 வரை 0.1 கூட்டிக் கூட்டிச் சுட்டு, ஒவ்வொரு தடவையும் எக்ஸ் = 1-இல் எங்கே விழுகிறது என்று வரைந்தேன். கோடு மேலே ஏறுகிறது, பூஜ்ஜியத்தைத் தொடுவது மாதிரி நெருங்குகிறது, தொடாமலே வளைந்து கீழே இறங்குகிறது. லாம்டா = 3-க்கு அதே கோடு பூஜ்ஜியத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது, கோணல்கோடு சொன்ன 2.32, 6.10 இரண்டு இடத்திலும் வெட்டுகிறது. இந்தப் படத்தை முதல் நாளே போட்டிருந்தால் மூன்று நாள் தூக்கம் மிச்சம்.

நான்காவது வரைபடத்துக்கு விட்ட இடத்தில் சாக்பீஸ் ஐயாவின் ஐந்து வரியை எழுதி ஒட்டிவிட்டேன். 3-க்கும் 3.5-க்கும் இரண்டு இரண்டு வளைவு போட்டிருக்கிறேன். 1-க்கு மேல் வளைவு மட்டும் இன்னும் பிடிபடவில்லை, எந்த ஊகத்தில் ஆரம்பித்தாலும் நியூட்டன் கீழே உள்ளதற்கே சறுக்கிவிடுகிறது. ஏதாவது யோசனை?

---

கோணல்கோடு:

சாய்வு 10.85 வைத்துச் சுட்டு, வருகிற பாதையையே ஊகமாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் 3-இன் மேல் தீர்வைப் பிடித்துக்கொண்டு லாம்டாவை 2.9, 2.8 என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், ஒவ்வொரு படியிலும் முந்தைய விடையே அடுத்ததற்கு ஊகம். ஒரேயடியாக 1-க்குக் குதிக்க வேண்டாம், குதித்தால் மறுபடியும் சறுக்கும்.